மொழி ஏட்டில் வாழாது, வீட்டில் வாழும்!

ஒரு மொழியின் உயிர் எங்கே இருக்கின்றது? அதனைப் பேசும் நாடுகளின் எண்ணிக்கையிலா? அரசாணைகளிலா? கழகங்களிலும் அகரமுதலிகளிலுமா? பரிசு பெற்ற பாவலர்களின் நூல்களிலா? இவை யாவும் ஒரு மொழிக்கு அணிகலன்கள், அணிகலன் உயிராகாது. மொழியின் உயிர், மாலையில் வீடு திரும்பிய குழந்தையிடம் தாய் கேட்கும் வினாவிலும், அவ்வினாவிற்குக் குழந்தை சொல்லும் விடையிலும் இருக்கின்றது. வினா ஒரு மொழியிலும் விடை வேறொரு மொழியிலுமாக வரத் தொடங்கிய நாளிலேயே அவ்வீட்டில் ஒரு மொழி சாகத் தொடங்கிவிடுகின்றது. இவ்வுண்மையை அறிய விரும்புவோர், அமெரிக்க ஒன்றிய நாடுகளில் எசுப்பானியத்திற்கு நேர்ந்துவரும் நிலையை ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

எசுப்பானியம் எளிய மொழியன்று. அதனைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 50 கோடிப் பேர். இருபது நாடுகளில் அது ஆட்சியில் அமர்ந்திருக்கின்றது. அதனைப் பேணுதற்கென்று மதிரித்து நகரில் 1713-ஆம் ஆண்டிலேயே மொழிக்கழகம் தோன்றிவிட்டது. இலக்கியத்திற்குரிய நோபல் பரிசை 1945-இல் கபிரியேலா மிசுத்திராலும், 1971-இல் பாபுலோ நெருதாவும், 1982-இல் கார்சியா மார்க்கேசும் அம்மொழியில் எழுதியே பெற்றனர். இத்துணை ஆற்றல் வாய்ந்த மொழி, ஆங்கிலம் ஆளும் நாட்டில் குடியேறிய ஒரு குடும்பத்தில், பெரும்பாலும் மூன்று தலைமுறைக்குள் மூச்சடங்கிப் போகின்றது! பாட்டி பேசுகின்றாள், மகள் இரு மொழியும் பேசுகின்றாள், பெயர்த்தி, பாட்டி சொல்வது விளங்காமல் தாயின் முகத்தைப் பார்க்கின்றாள்.

அந்நாட்டில் வீட்டில் எசுப்பானியம் பேசுவோர் 4 கோடிக்கு மேற்பட்டவர் என்று கணக்கெடுப்புகள் கூறுகின்றன. இவ்வெண்ணைக் காட்டி, ‘இம்மொழிக்கு என்ன குறை? அது தானே வாழும்’ என்று சொல்வோர் உளர். வாய்க்கால் வழியே புதுநீர் வந்து விழுகின்றவரை, குளத்தின் அடியிலுள்ள ஓட்டை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெற்கிலிருந்து புதியவர் வந்துகொண்டே இருப்பதால் குளம் நிறைந்திருப்பதுபோல் தோன்றுகின்றது. ஓட்டையின் அளவைப் பியூ ஆய்வு நடுவம் 2018-ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்குக் காட்டிவிட்டது. தாமே குடியேறி வந்த பெற்றோருள் தம் பிள்ளைகளிடம் எசுப்பானியம் பேசுவோர் நூற்றுக்கு 97 பேர். அங்குப் பிறந்த இரண்டாம் தலைமுறைப் பெற்றோருள் 71 பேர். மூன்றாம் தலைமுறையிலும் அதற்குப் பின்னும் 49 பேர். அதே நடுவம் 2023-இல் வெளியிட்ட இன்னொரு கணக்கின்படி, மூன்றாம் தலைமுறையினருள்ளும் அவர்க்குப் பின் வந்தோருள்ளும் மூன்றில் இரண்டு பங்கினர் அளவினர்க்கு எசுப்பானியத்தில் ஓர் உரையாடலை நன்கு நடத்தும் திறன் இல்லை.

இவ்விழப்புத் தானே நேர்ந்ததன்று. 1848-ஆம் ஆண்டில் குவாடலூப்பே இதால்கோ உடன்படிக்கையால் மெக்சிகோ தன் நிலப்பரப்பில் பாதியளவை இழந்தபோது, அந்நிலத்தில் வாழ்ந்த எசுப்பானிய மொழியினர் அமெரிக்க ஒன்றிய நாடுகளுக்குக் குடிபெயர்ந்து வந்தவரல்லர். எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. கலிபோர்னியாவின் 1849-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, சட்டங்களை ஆங்கிலத்திலும் எசுப்பானியத்திலும் வெளியிடல் வேண்டும் என்று விதித்தது. முப்பதே ஆண்டுகளில், 1879-ஆம் ஆண்டு அரசியலமைப்பில், அவ்வுரிமை துடைத்தழிக்கப்பட்டது. தெக்சாசு மாநிலம் 1918-இல் ஒரு சட்டம் இயற்றி, பள்ளியில் ஆங்கிலமல்லாத மொழியில் கற்பித்த ஆசிரியரைக் குற்றவாளியாக்கியது. எசுப்பானியம் பேசிய குழந்தைகள் அடிபட்டனர். பள்ளி முடிந்தபின்னும் நிறுத்திவைக்கப்பட்டனர்.

அம்மாநிலத்தின் மேற்கே மார்பா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு மெக்சிக வழிவந்த பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பிளாக்குவெல் பள்ளியில், 1954-ஆம் ஆண்டில், எசுப்பானியச் சொற்களைத் தாள்நறுக்குகளில் எழுதுமாறு குழந்தைகள் ஏவப்பட்டனர். அத்தாள்கள் ஒரு பெட்டியிலிடப்பட்டு, பள்ளி வளாகத்தில் குழிதோண்டிப் புதைக்கப்பட்டன. தாய் கற்பித்த சொல்லைத் தன் கையாலேயே எழுதித் தன் கண்ணெதிரிலேயே புதைக்குமாறு ஒரு குழந்தையைப் பணித்த கொடுமை அது! அப்பள்ளியை வரலாற்று நினைவிடமாக்க 2022-ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. புதைத்த இடத்திற்கு நினைவுக்கல் நாட்டலாம். புதைந்த சொல் யார் வாயிலிருந்து எழுந்துவரும்?

பள்ளிக்கு வெளியிலும் இக்கொடுமை தொடர்ந்தது. 1995-ஆம் ஆண்டு தெக்சாசின் அமரில்லோ நகரில், குழந்தை வளர்ப்புரிமை பற்றிய வழக்கை உசாவிய நடுவர் ஒருவர், ஐந்து அகவை மகளிடம் வீட்டில் எசுப்பானியத்தில் பேசிவந்த தாயைக் கடிந்து, அது குழந்தைக்கு இழைக்கும் கொடுமை என்றும், அவளை வீட்டு வேலைக்காரியாக்கும் செயல் என்றும் உரைத்தார். தாய் தன் மகளிடம் தன் மொழியில் பேசுவது முறைமன்றத்தில் குற்றமாய்ப் பேசப்பட்டது! கலிபோர்னியா 1998-இல் மக்கள் ஒப்போலை வழியாக இருமொழிக் கல்வியைப் பெரும்பாலும் ஒழித்தது. 2016-இல் இன்னோர் ஒப்போலை வழியாக அத்தடையை நீக்கியது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஆங்கிலமே அந்நாட்டின் ஆட்சிமொழி என்று குடியரசுத் தலைவர் ஆணை பிறந்தது. சட்டம் ஒரு தலைமுறையில் கதவை மூடும், இன்னொரு தலைமுறையில் திறக்கும், மீண்டும் மூடும். அக்கதவையே நம்பி மொழியைக் காக்க எண்ணுவோர், கதவு திறக்கும் நாளில் உள்ளே நுழையப் பிள்ளையில்லாமல் நிற்பர்.

இனி, வீட்டிற்குள் நடப்பதைப் பார்த்தல் வேண்டும். அங்கே மொழியைக் கொல்வது சட்டமன்று, அச்சமும் சோம்பலுமே. மூத்த பிள்ளை பள்ளிக்குச் செல்கின்றது; ஆங்கிலத்தைப் புத்தாடைபோல் அணிந்துகொண்டு வருகின்றது. தம்பி தங்கையரிடம் ஆங்கிலத்திலேயே விளையாடுகின்றது. தாய் எசுப்பானியத்தில் கேட்கின்றாள். பிள்ளை ஆங்கிலத்தில் விடையிறுக்கின்றது. வேலையால் களைத்த தாய், ‘புரிந்துகொண்டானே, அது போதும்’ என்று விட்டுவிடுகின்றாள். அந்தப் ‘போதும்’ என்னும் சொல்லே மொழிக்கு வைக்கும் முதற்கொள்ளி! கேட்டால் விளங்கும், பேச வராது என்னும் நிலையை அடைந்த பிள்ளை, நாளை தன் பிள்ளையிடம் எதனைப் பேசும்?

‘இரு மொழி பேசினால் குழந்தை குழம்பும், படிப்பில் பின்தங்கும்’ என்று அறிவுரை கூறிய ஆசிரியரும் மருத்துவரும் பலர். இது அறிவியலன்று, ஆள்வோர் மொழிக்குப் பிறர் பிள்ளைகளைக் காவு கேட்கும் பேச்சு. கனடா நாட்டு மொன்றியால் நகரில் பத்து அகவைப் பிள்ளைகளைப் பீல், இலாம்பெர்ட்டு என்னும் இருவர் ஆய்ந்து, 1962-இலேயே இதனைத் தகர்த்துவிட்டனர். பிரெஞ்சும் ஆங்கிலமும் செவ்வனே அறிந்த பிள்ளைகள், ஒரு மொழி மட்டும் அறிந்த பிள்ளைகளுக்கு அறிவாற்றலில் தாழவில்லை. பல தேர்வுகளில் விஞ்சியே நின்றனர். அறுபதாண்டுகளுக்கு மேலாகியும் பழைய பொய்யை இன்னும் கட்டிக்கொண்டு அழுவோர்க்கு என்ன சொல்வது?

மற்றொரு மயக்கமும் உண்டு. பெற்றோர் பேசினாலே பிள்ளை பேசிவிடும் என்பதே அது. பெல்சிய நாட்டின் பிளாந்தர் பகுதியில், தச்சு மொழியல்லாத வேறொரு மொழியும் வழங்கிய 1,899 குடும்பங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ நான்கில் ஒரு வீட்டில் பிள்ளைகள் அம்மொழியைப் பேசவில்லை என்று காட்டியது. பெற்றோர் இருவரும் அம்மொழியை வீட்டில் உறுதியாய் வழங்கிய இடங்களிலேயே அது மிகுதியாய் நிலைத்தது. அரைமனத்தோடு ஊற்றிய நீரில் வேர் நனைவதில்லை.

ஆயினும் மூன்றாம் தலைமுறையிலும் எசுப்பானியத்தை மணக்க மணக்கப் பேசும் வீடுகள் அந்நாட்டில் இருக்கவே செய்கின்றன. அவ்வீட்டார் செல்வரல்லர், கற்றுத் துறைபோகியவருமல்லர். அவர்கள் செய்வது ஒன்றே ஒன்று: நாள் தவறாமை.

உணவு வேளையில் ஒரே மொழி என்பது அவ்வீடுகளில் எழுதாச் சட்டம். பிள்ளை ஆங்கிலத்தில் விடை கூறினால் சினப்பதில்லை. அவ்விடையையே எசுப்பானியத்தில் திருப்பிச் சொல்லிவிட்டு, பிள்ளை அதனைச் சொல்லும்வரை பொறுமையோடு காத்திருப்பர். படுக்கும் முன் ஒரு கதையை உரக்கப் படிப்பர். எசுப்பானியம் பெரும்பாலும் எழுதியவாறே ஒலிக்கும் மொழியாதலின், எழுத்தறிந்த பிள்ளை விரைவில் தானே படிக்கத் தொடங்கிவிடும். மெக்சிக வீடுகளில் இலோத்தேரியா என்றொரு சீட்டாட்டம் உண்டு. சேவல், நிலவு, ஏணி, குடை என 54 படச்சீட்டுகள். ஒருவர் சீட்டை எடுத்துப் பெயரையோ விடுகதையையோ கூவுவார். மற்றவர் தம் பலகையில் அப்படத்தின்மேல் மொச்சையையோ அவரையையோ வைப்பர். விளையாட்டு முடியும்போது சொற்கள் பிள்ளையின் நாவில் குடியேறியிருக்கும். எல்லைக்கு அப்பாலுள்ள பாட்டியோடு தொலைப்பேசியில் பேசும் வேலை பிள்ளைக்கே விடப்படும். பேசியாகவேண்டிய ஓர் ஆள் இருந்தால்தான் பேச வேண்டும் என்னும் வேட்கை பிறக்கும்.

இவற்றை வகுப்பு செய்ய முடியாதா? ஓரளவே முடியும். எசுப்பானியத்தில் ‘இருத்தல்’ என்பதற்கு இரண்டு வினைகள் உள. ஒருவன் இயல்பில் எத்தகையன் என்பதற்கு ஒன்று. இப்போது எந்நிலையில் உள்ளான் என்பதற்கு மற்றொன்று. ‘நீ’ என்பதற்குத் ‘தூ’, ‘தாங்கள்’ என்பதற்கு ‘உசுத்தே’. வகுப்பு இவற்றிற்கு நெறி கூறும். எந்த முகத்தைப் பார்த்து எந்தச் சொல்லைச் சொல்வது என்பதை வீடுதான் கற்பிக்கும். நெறியை மனப்பாடம் செய்த பிள்ளை தேர்வில் வெல்லும். ஆயிரம் முறை கேட்ட பிள்ளையே பேசும்.

கணக்கும் இதனையே காட்டும். கிழமைக்கு ஒருநாள் இரண்டு மணிநேர வகுப்பு, ஆண்டில் நாற்பது கிழமை நடந்தால் 80 மணிநேரம். வீட்டில் நாளொன்றுக்கு 20 மணித்துளி பேசிப் பயின்றால், ஆண்டுக்கு 7,300 மணித்துளி. அதாவது 121 மணிநேரத்திற்கும் மேல். கட்டணம் இல்லை, ஊர்தி இல்லை, கட்டடம் இல்லை. அதனினும் மேலாக, ஆறுநாள் மறந்து ஏழாம் நாள் தொடங்கும் இழப்பும் இல்லை. இடைவெளி விட்டுவிட்டுப் பலமுறை பயின்றதே நினைவில் தங்கும் என்று செருமானிய அறிஞர் எபிங்கவுசு 1885-இலேயே எழுதிவைத்தார். ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்’ என்று தமிழன் அதற்கும் முன்னரே அறிந்திருந்தான், அறிந்தும் மறந்தான்!

ஆர்வத்தைக் கொல்லும் நஞ்சொன்றும் அவ்வீடுகளில் உண்டு; அஃது ஏளனம். எசுப்பானியத்தில் ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ‘நோ சே’ என்பதே வழக்கு. வினைப்பகுதியைப் பார்த்துப் பிள்ளை ‘நோ சாபோ’ என்று சொல்லிவிடும். தமிழ்க்குழந்தை ‘வந்தான்’ என்பதற்கு ‘வாந்தான்’ என்று சொல்வது போன்றது இது. பிள்ளை மொழியின் நெறியைத் தேடுகின்றது என்பதற்குச் சான்றே தவிரக் குற்றமன்று. ஆனால் ‘நோ சாபோப் பிள்ளைகள்’ என்பதே இன்று அங்குப் பட்டப்பெயராகிவிட்டது. உறவினர் நகைக்கின்றனர், நகைப்புண்ட பிள்ளை வாயை மூடிக்கொள்கின்றது, பின்னர் அதே உறவினர், ‘இக்காலப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப்பற்று இல்லை’ என்று புலம்புகின்றனர். வாயை அடைத்தவரே ஊமை என்று பழிப்பது எந்த ஊர் முறை?

எசுப்பானியத்தின் துயரைக் கண்டு இரங்குவோர் அதன் பழைய கொடுமையையும் மறத்தல் ஆகாது. 1562-ஆம் ஆண்டு யுகத்தான் பகுதியின் மானி என்னும் ஊரில் மாயர்களின் ஏடுகளைத் தீயிலிட்டவர், எசுப்பானியம் பேசிய சமயத்தலைவரே. அம்மொழியின் ஆட்சிக்கீழ் அமெரிக்கப் பழங்குடி மொழிகள் பல மாய்ந்தன. ஆனால் பராகுவே நாட்டின் குவாரனி மொழி மாயவில்லை! அதற்குப் படையில்லை, பள்ளியில் நெடுங்காலம் இடமில்லை, அரசில் மதிப்பில்லை. வீடு மட்டும் இருந்தது. அடுப்படியிலும் வயலிலும் தொட்டிலருகிலும் தாய்மார் அதனை விடாது பேசினர். 1992-ஆம் ஆண்டு அரசியலமைப்பு, எசுப்பானியத்தோடு ஒப்பக் குவாரனியையும் ஆட்சிமொழியாக ஏற்கவேண்டியதாயிற்று. இருபது நாடுகளின் வலிமை கொண்ட மொழி, வீடு கைவிட்டால் மூன்று தலைமுறையில் வீழ்கின்றது. வலிமையே இல்லாத மொழி, வீடு கைவிடாவிட்டால் நானூறு ஆண்டு அடிமைத்தனத்தையும் தாண்டி அரியணை ஏறுகின்றது. இதனினும் வெளிப்படையான பாடம் வேறென்ன வேண்டும்?

தமிழர் கற்கவேண்டியதும் இப்பாடமே. அமெரிக்கப் பள்ளிகளில் வேற்றுமொழியாக மிகுதியும் கற்பிக்கப்படுவது எசுப்பானியம். அங்குக் குடியேறிய தமிழ்வீடுகள் பலவற்றின் பிள்ளைகளும் அதனைப் பயில்கின்றனர். பயிலட்டும், எந்த மொழியும் தமிழுக்குப் பகையன்று. ஆனால் அப்பெற்றோர் எசுப்பானியத்திற்கு எடுக்கும் முயற்சியைப் பாருங்கள்! சொற்சீட்டு எழுதுகின்றனர், மாலைதோறும் ஒப்பிக்கச் செய்கின்றனர், தனியாசிரியர் வைக்கின்றனர், கைப்பேசியில் செயலி இறக்கித் தருகின்றனர். மதிப்பெண் வரும் மொழிக்கு நாள்தோறும் பயிற்சி. மானம் வரும் மொழிக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு! அவ்வகுப்பை வாசலில் காத்துநிற்கும் பெற்றோரே தம் பிள்ளையைக் காரில் ஏற்றியதும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிடுகின்றனர். அயன்மொழியை எப்படிக் கற்பிப்பது என்று அறிந்தவர்க்குத் தாய்மொழியை எப்படிக் கற்பிப்பது என்று தெரியாமற் போகுமா? தெரியும். மனமில்லை.

மொரீசியசு நாட்டுப் பணத்தாளில் தமிழ் இருக்கின்றது. 1998-இல் தமிழின் வரிசையைப் பின்தள்ளிப் புதுத்தாள்கள் வெளியானபோது, அங்குள்ள தமிழ்வழியினர் கொதித்தெழுந்து, அத்தாள்களைத் திரும்பப் பெறவைத்தனர். பாராட்டத்தக்க வெற்றியே! ஆனால் அப்பணத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பும் அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தம் பிள்ளைகளிடம் பேசுவது கிரியோல் மொழி. 1860-ஆம் ஆண்டு முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் தர்பன் கரையில் இறக்கப்பட்டோரின் வழியினர் இன்றும் காவடி எடுக்கின்றனர், தீ மிதிக்கின்றனர், தமிழ்ப்பெயர் தாங்குகின்றனர். வீட்டில் ஒலிப்பது ஆங்கிலம். கூலிகளாய்ச் சென்ற அவர்கள், பள்ளியும் நூலும் உறவும் அற்று இழந்தனர். அவர்களைக் குறைகூற எவர்க்கும் வாயில்லை. எல்லாம் இருந்தும் இழப்போரை என்னென்பது?

கடல்கடந்தோரை மட்டும் கடிவது எளிது. தமிழ்நாட்டில், தமிழ்த்தெருவில், தமிழ்ப்பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளை ‘மம்மி’ என்றும் ‘டாடி’ என்றும் அழைக்கின்றதே, அவ்வீட்டில் எந்த அயல் நடுவன் வந்து தாயைக் கடிந்தான்? எந்த ஆசிரியன் சொற்களைப் பெட்டியிலிட்டுப் புதைத்தான்? இங்குப் புதைப்பவரும் பெற்றோர்; குழி தோண்டக் கட்டணம் கட்டுபவரும் பெற்றோர்! அதனினும் கொடிது, மேடையில் தூயதமிழ் முழங்கிவிட்டு வீட்டில் பிள்ளையிடம் கலப்பு மொழி பேசும் தமிழ்ப்பற்றாளரின் இரட்டை வாழ்க்கை. வடசொல் களைந்த கட்டுரை ஒன்றை எழுதுவதினும், வடசொல்லும் ஆங்கிலமும் களைந்த ஓர் இரவுணவைப் பிள்ளைகளோடு உண்பது கடிது. பயனும் அதுவே பெரிது.

தமிழ்த்தாய்மாரும் தந்தைமாரும் இன்றிரவே தொடங்கலாம். உணவு வேளை முழுதும் தமிழ், பிள்ளை ஆங்கிலத்தில் விடை தந்தால் அதனைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காத்திருத்தல், படுக்கும் முன் ஒரு பக்கம் உரக்கப் படித்தல், வாரக் கணக்கில் பேசாத பாட்டியோடும் தாத்தாவோடும் பிள்ளையைத் தானே பேசவைத்தல், பிழையாய்ச் சொன்னால் நகையாமை, விடுகதையும் சொல்விளையாட்டும். இருபது மணித்துளி. ஒருநாள் தவறினால் மறுநாள் தொடர்தல், இருநாள் தவறவிடாமை. இதற்கு எந்த அரசின் ஒப்புதலும் வேண்டுவதில்லை. இதனைத் தடுக்க எந்த அரசாலும் இயலாது.

சட்டப் போராட்டம் வேண்டும். ஆட்சிமொழி உரிமை வேண்டும். தமிழ்வழிக் கல்வி வேண்டும். அவற்றையெல்லாம் வென்று வரும் நாளில், வென்ற மொழியைப் பேச ஒரு தலைமுறை உயிரோடு இருத்தல் வேண்டும். அத்தலைமுறையை எந்தக் கட்சியும் பெற்றுத் தராது. எந்த மாநாடும் வளர்த்துத் தராது. அது தமிழ்வீடுகளில், தமிழ்த்தாயரின் மடியில், நாளுக்கு நாள் பேசிப் பேசியே வளர வேண்டும்.